மரமஞ்சள் தூள்

மரமஞ்சள் கறை சவர்க்காரத்துக்குப் போகாது. மேடத்தின் விரல்நுனிகள் எப்போதும் மஞ்சளாகவே இருக்கும். யுத்த காலத்தில், கண்டிக்கு வெளியே ஓர் ஆய்வுகூடத்தில் நான் அவருடைய உதவியாளர். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், தனியாள். காய்ச்சலுக்கு நாம் அவித்துக் குடிக்கும் அந்த மரமஞ்சள் கொடியிலிருந்து ஓர் இரசாயனச் சேர்வையை மஞ்சள் தூளாகப் பிரித்தெடுத்து, சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க் கலங்களில் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் வருடம் பலன் தெரிந்தது. சேர்வை விடாத தட்டில் கலங்கள் நெருக்கியடித்துப் பெருகியிருந்தன. சேர்வை விட்ட தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன. நுணுக்குக்காட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "சாகேல்லை பிள்ளை. வளர்ச்சி மந்தமாகியிருக்கு, அவ்வளவுதான்" என்றார்.

அந்த மாதம்தான் எங்கள் ஊரான கெலிஓயாவில் என் அப்பாவுக்குச் சிறுநீரில் இரத்தம் போனது. அதே நோய். சத்திரசிகிச்சை என்றதும் பயந்து மறுத்துவிட்டார்.

"கொஞ்சம் தூள் தாங்க மேடம், அப்பாவுக்கு" என்று கெஞ்சினேன்.

"தட்டில நடக்கிறது மனுசரில நடக்குமோ எண்டு எனக்குத் தெரியாது. தரமாட்டன்."

நான் திருடினேன். வீடு போகும் வழியில், சோதனைச் சாவடியில் என் பையைக் கொட்டிய சிப்பாய் அந்தப் போத்தலைத் தூக்கிப் பிடித்தான். மஞ்சள் தூள், தமிழ்ப் பெண், தடுமாறிய பதில். முகாமுக்குக் கொண்டுபோய், வெடிமருந்தா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். மேடத்தின் பெயரைச் சொன்னேன்.

ஒரு மணித்தியாலத்தில் அவர் வந்தார். யாழ்ப்பாண முகவரியுள்ள அடையாள அட்டையோடு யாரும் தானாக நடந்து வரும் இடமல்ல அது. தானே கொடுத்தனுப்பியதாகச் சிங்களத்தில் சொன்னார். என்னை விட்டார்கள். அவரைப் பின்னேரம் வரை உள்ளே வைத்திருந்தார்கள். வாசலில் காத்துநின்ற என்னை அவர் திட்டவில்லை. "நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா. டொக்டரோட நான் கதைக்கிறன்" என்றார், களைத்த குரலில்.

மேடத்தின் பேச்சைக் கேட்டு அப்பா சத்திரசிகிச்சைக்குச் சம்மதித்தார். அதன்பின் ஐந்து வருடம் இருந்தார்.

மேடத்தைத்தான் முகாம்காரர்கள் விடவில்லை. ஆய்வுகூடத்துக்கே வந்து விசாரித்தார்கள், மறுபடியும் வந்தார்கள். வருடம் முடியுமுன் அவர் நாட்டை விட்டுப் போனார். "கலங்களை அழிச்சுப்போடு பிள்ளை. இனிப் பார்க்க ஆளில்லை" என்று சொல்லிவிட்டு, அதைக் காண நிற்காமல் வெளியே போய்விட்டார். தட்டுகளில் வெளிற்றும் திரவத்தை ஊற்றினேன். மூன்று வருடம் மந்தமாக்கப் பாடுபட்டவை பத்து நிமிடத்தில் செத்தன.

எனக்கு இப்போது ஓய்வூதிய வயது, எதற்கும் அலுப்பு. அவர் எந்த நாட்டில் இருக்கிறாரென்று தெரியாது. அன்று முகாம் வாசலில் என் வாயில் வந்து நின்ற மன்னிப்பை நான் இன்னும் கேட்கவில்லை.