குறுக்குச் சட்டம்

எண்பதுகளின் கடைசியில், வெலிங்டன் தீவில் ஒரு படகுப் பட்டறையில் எனக்கு வரைபடம் போடுகிற வேலை. மட்டாஞ்சேரி ஜெட்டியிலிருந்து காலைப் படகில் போவேன். பத்து வருடம் மேசைமேல் குனிந்து பேனாவால் வரைந்தவளை, ஒருநாள் ஏசி அறையில் உட்காரவைத்து கம்ப்யூட்டரில் வரையச் சொன்னார்கள்.

கறுப்புத் திரையில் பச்சைக் கோடுகளாகப் படகின் தொட்டி ஒன்று தெரியும். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பலாம். ஆனால் கம்பிக்கூண்டு மாதிரி முன்சுவர்க் கோடும் பின்சுவர்க் கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழும். எது முன்னே, எது பின்னே என்று கண் ஏமாறும். மறைய வேண்டிய கோடுகளை அழித்துக் காட்ட ஒரு கட்டளை உண்டு. கொடுத்தால் முக்கால் மணி நேரம் வேறு வேலை ஓடாது.

கப்பல்களுக்குக் குடிநீர் கொண்டுபோகும் ஒரு படகுக்குத் தொட்டி வரைந்தேன். ஆள் நுழைய முன்பக்கம் ஒரு ஓட்டை, ஆபத்தென்றால் தப்பிக்கப் பின்பக்கம் ஒன்று. மதியத்துக்குள் படம் வேண்டும் என்று மேலாளர் தலைமேல் நின்றார். அந்தக் கட்டளையைக் கொடுக்காமலே அனுப்பிவிட்டேன்.

சில வாரம் கழித்து வெல்டர் ஒருவர் என் அறைக் கதவைத் தட்டினார். திருநெல்வேலிக்காரர், சுள்ளிக்கல்லில் குடும்பத்தோடு இருந்தார்.

"அக்கா, பின் ஓட்டைக்குக் குறுக்கே உள்பக்கம் ஒரு இரும்புச் சட்டம் ஓடுது. தலைகூட நுழையாது. கம்ப்யூட்டர்ல அப்படித்தான் இருக்கா?"

"பார்த்துச் சொல்றேன்" என்றேன். அவர் மறுபடி தொட்டிக்குள் வேலைக்குப் போய்விட்டார்.

கட்டளையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். கோடுகள் ஒவ்வொன்றாக அழிந்துகொண்டே வந்தன. எதிர்ச்சுவரில் இருப்பதாக நான் நம்பிய சட்டம், ஓட்டையின் நடுவே அழியாமல் நின்றது.

மேலாளரிடம் ஓடி, தொட்டிக்குள் வேலையை நிறுத்தச் சொன்னேன். "கம்ப்யூட்டர் போட்ட படத்தில் தப்பு வருமா? நாளைக்குப் பார்க்கலாம்" என்றார். அவரோடு பேசி நிற்கவில்லை. தொட்டி நின்ற இடத்துக்கு நடந்தேன், பாதி வழியில் நடை ஓட்டமானது. முன் ஓட்டையிலிருந்து கரும்புகை வந்துகொண்டிருந்தது. பெயிண்டர்கள் உள்ளே போட்டிருந்த, பெயிண்டைக் கரைக்கும் தின்னர் நனைந்த துணியில் தீப்பொறி விழுந்திருக்கிறது.

பின்பக்கம் போனேன். சட்டத்துக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு கை மட்டும் வெளியே நீட்டியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். கொதித்தது. முன்னாலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். என் தோளுக்குப் பக்கத்திலேயே ஒருவர் கேஸ் கட்டரால் சட்டத்தை அறுத்தார். என் கையைப் பிடித்திருந்த விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தன. சட்டம் விழுந்ததும் வெல்டரை வெளியே இழுத்துப் போட்டோம். மூச்சு இருந்தது. முழங்காலுக்குக் கீழே வெந்துபோயிருந்ததைப் பார்க்க முடியவில்லை.

விசாரணைக்கு முன்னால் மேலாளர் ஒரு தாளை நீட்டினார். தொழிலாளியின் அஜாக்கிரதை என்று டைப் அடித்திருந்தது. "கையெழுத்துப் போட்டால் உனக்கும் நல்லது" என்றார். நான் வேறொரு தாளில் நடந்ததை எழுதிக் கொடுத்தேன்: சோதிக்காமல் அனுப்பியது நான், நான் சொன்ன பிறகும் வேலையை நிறுத்தாதது மேலாளர். அந்த மாதமே எனக்கு வேலை போயிற்று.

ஆஸ்பத்திரியில் வெல்டரின் மனைவி என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போனார். படுக்கையிலிருந்த வெல்டர்தான் பேசினார். "நான் கேட்டதும் நீங்க உடனே வந்திருக்கலாம் அக்கா."

ஆறு மாதம் கழித்து ஊன்றுகோலோடு அவர் ஊருக்கு ரயிலேறினார் என்று சுள்ளிக்கல்லில் கேள்விப்பட்டேன். வழியனுப்ப நான் போகவில்லை.