டெஸ்ட்டுக்குக் கொடுத்த நல்ல தண்ணீர்

பிள்ளைகளே, நம் வீட்டில் தண்ணீர் மூன்று விதம். அடுப்பு மேடையில் கேன் தண்ணீர், குடிக்க. கதவோரம் நீல டிரம்மில் லாரித் தண்ணீர், சமைக்கவும் உங்களைக் குளிப்பாட்டவும். பிளாக்குக்குக் கீழே அடிபம்பு. அதில் வரும் தண்ணீரில் கழிவறை கழுவலாம், படி கழுவலாம். உங்கள் வெள்ளைச் சட்டையை அதில் நனைத்தால் சட்டை மஞ்சளாகிவிடும்.

நாங்கள் எர்ணாவூருக்கு வந்தபோது அந்தப் பம்பு இப்படி இல்லை. உப்புக் கரித்தாலும் நிறம் தெளிவு. மின்சாரத்துக்காக நிலக்கரி எரிக்கும் இடத்திலிருந்து சாம்பலைத் தண்ணீரில் கரைத்துப் பெரிய குழாய் வழியாகக் கொண்டுபோவார்கள். ஒரு மழைக்காலத்தில் அந்தக் குழாய் உடைந்து, சாம்பல் சேறு நம் பின்சுவர் வரை வந்து நின்றது. அதன்பிறகுதான் பம்பில் மஞ்சள். நல்ல தண்ணீர் கேட்டு எல்லோரும் ரோட்டில் உட்கார்ந்தோம். கன்டெய்னர் வண்டிகள் துறைமுகம் வரை நின்றன. நானே டிரைலர் ஓட்டுகிறவன். அன்று என் வண்டியும் அந்த வரிசையில்தான் நின்றது. கடைசியில் தினமும் ஒரு லாரித் தண்ணீர் தருவதாக அதிகாரிகள் ஒப்புக்கொண்டார்கள்.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் யாரோ ஒருவர், அணு உலையில் இருக்கிற யுரேனியம் இந்தச் சாம்பலிலும் கொஞ்சம் இருக்கும் என்றார். அது நிலத்துக்குள் இறங்கினால் கிணற்றுத் தண்ணீரிலும் வரலாமாம்.

"அப்பா, கதிர்வீச்சுன்னா இன்னாபா? கடிக்குமா?" என்று உங்களில் பெரியவள் கேட்டாள்.

நான் ஒன்பதாவது வரை படித்தவன். தெரிந்ததைச் சொன்னேன். "கண்ணுக்குத் தெரியாதுமா. மூக்குக்கும் தெரியாது. அதுக்குன்னு இருக்கிற மெஷின்ல வெச்சுப் பாத்தாதான் தெரியும்."

"அப்ப மெஷின எத்துனு வரச் சொல்லு."

அதையேதான் எல்லோரும் கேட்டோம். கேட்டுக் கேட்டு, ஒரு நாள் பரிசோதனைக்கு ஆட்கள் வந்தார்கள். நான் அன்று ஸ்ரீபெரும்புதூருக்கு லோடு ஏற்றிப் போயிருந்தேன். நடந்ததைப் பிறகுதான் கேள்விப்பட்டேன். நல்ல வெயில். ஒரு மேடமும் டிரைவரும் வந்து, தண்ணீர்த் தொட்டி நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பிளாக்கில் படிக்கட்டுக்கு ஒரு பாட்டில் வீதம் கொடுத்து, "பம்புத் தண்ணி பிடிச்சிட்டு வாங்கம்மா" என்று சொல்லியிருக்கிறார்கள். பெண்களும் கொண்டுவந்து கொடுத்தார்கள். மேடம் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

முடிவு வந்தது. அதற்கே சில மாதம் ஆனது. சுவரில் ஒட்டினார்கள். தண்ணீரில் கதிர்வீச்சு இல்லை, உப்பு இல்லை, ஒரு கெடுதலும் இல்லை. ஆகவே அடுத்த வாரத்திலிருந்து லாரி வராது.

பக்கத்து வீட்டு பாய் அதை இரண்டு தடவை படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னா நைனா, நம்ம பம்புல மினரல் வாட்டர் வர்து, நமக்கே தெரியாம போச்சே! கேன்ல புட்ச்சி வித்துடலாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. படியில் உட்கார்ந்து முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"நான் கேன் தண்ணிய குட்த்தேன்" என்றாள்.

"இன்னாது?"

"பின்ன இன்னா பண்ண சொல்ற? வேல மெனக்கெட்டு நம்ம வூட்டாண்ட வந்துகிறாங்க. அவங்க கையில அந்தக் கலீஜ குடுக்கிறதா? இன்னா நெனப்பாங்க நம்மள? பாட்டில சோப்பு போட்டுக் கழுவி, கேன்லேர்ந்து புட்ச்சி குட்த்தேன்."

எனக்குக் கோபம் வருவதற்குள் பக்கத்துப் படிக்கட்டின் மூன்றாவது மாடி அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, நானும் லாரித் தண்ணிய துணில வடிகட்டி குட்த்தேன்டி!" அப்புறம் ஒவ்வொரு படிக்கட்டாக உண்மை வெளியே வந்தது. யாரும் யாரிடமும் பேசிவைத்துக்கொண்டு செய்யவில்லை. வீடு தேடி வந்தவருக்கு இருப்பதில் நல்லதைக் கொடுத்துத்தான் நமக்குப் பழக்கம். அந்தப் பழக்கம் நம் லாரியை நிறுத்திவிட்டது.

மறுநாளே அந்த மேடத்தின் அலுவலகத்துக்குப் போனோம். நான் வேலைக்குப் போகவில்லை. உங்களையும் கூட்டிக்கொண்டுதான் போனோம்.

மேடத்துக்குக் கோபம். "நீங்களே தப்பான தண்ணியைக் கொடுத்துட்டு எங்களைக் கேக்கறீங்களா? ஏமாத்து வேலை இல்லையா இது?"

உங்கள் அம்மா பெரிய ஆபீஸில் வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை. அன்று பார்த்தேன். "ஏமாத்தல மேடம். மரியாத பண்ணோம். நீங்க எயுந்து வந்து பம்ப ஒரு அடி அட்ச்சிருந்தா, அதுவே சொல்லியிருக்கும். நிழல்ல குந்திகினு தண்ணி கேட்டா நல்ல தண்ணிதான் வரும்."

மறுபரிசோதனைக்கு மேலே எழுத வேண்டும், மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். ஆகட்டும், அதுவரை இங்கேயே இருக்கிறோம் என்று வராந்தாவில் உட்கார்ந்தோம். நீங்கள் இருவரும் அங்கேயே ஓடிப்பிடித்து விளையாடினீர்கள். பாய் எல்லோருக்கும் பன் வாங்கி வந்தார். காவலாளி எழுப்பிவிடப் பார்த்தார். "புள்ளைங்க குளிக்கிற தண்ணிக்கு வந்துகிறோம், போய் உங்க பெரியவர்கிட்ட சொல்லு" என்று மூன்றாவது மாடி அக்கா போட்ட சத்தத்தில் அவரே ஒதுங்கி நின்றுவிட்டார். சாயங்காலம் மேடம் வெளியே வந்தார். "நாளைக்குக் காலையில நானே வரேன். நானே பிடிக்கறேன்" என்றார்.

சொன்னபடி வந்தார். இந்த முறை நாற்காலி கேட்கவில்லை. குழாயில் தேங்கி நிற்கிற தண்ணீர் முதலில் போக வேண்டும், நிறைய நேரம் அடித்த பிறகுதான் பிடிக்க வேண்டும் என்றார். நான் அடித்தேன், பாய் அடித்தார், மேடமும் அடித்தார். கால்வாய் முழுக்க மஞ்சளாக ஓடியது. மேடத்தின் சேலை ஓரமும் மஞ்சளானது.

பாட்டிலைப் பம்பின் வாய்க்கு நேரே பிடித்தபோது மூன்றாவது மாடி அக்காவுக்கு மறுபடியும் மனசு கேட்கவில்லை. வடிகட்டும் துணியோடு வந்துவிட்டார்.

"யக்கா, துணிய எடு!" என்று உங்கள் அம்மா பாய்ந்தாள். "எப்டி வருதோ அப்டியே போவட்டும்! நம்ம மானம் ஒண்ணும் போவாது. அத்த இப்டி ஆக்னவனுக்குதான் மானம் போவணும்."

பாட்டில் நிறைந்தது, தேநீர் நிறத்தில். எல்லாம் முடிந்ததும் மேடம் குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டார். அம்மா கேன் தண்ணீரைச் சொம்பில் கொடுத்தாள். "இது உங்களுக்கு மேடம். அது டெஸ்ட்டுக்கு."

இந்தத் தடவை, குடிக்கவும் குளிக்கவும் தகாத தண்ணீர் என்று முதல் முடிவு வந்தது. லாரி திரும்ப வந்தது. கதிர்வீச்சு இருக்கிறதா என்று பார்க்க, போன தடவை போலவே வேறு ஊருக்கு அனுப்பியிருக்கிறார்கள். அது இன்னும் வரவில்லை. போய்ப் போய்க் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். இல்லை என்று வந்தால் நிம்மதி. இருக்கிறது என்று வந்தால் மறுபடியும் ரோடுதான். எதுவாக வந்தாலும் அது நம் பம்புத் தண்ணீரின் முடிவாக இருக்கும், கேன் தண்ணீரின் முடிவாக இருக்காது.

போன வாரம் ஏதோ கல்லூரியிலிருந்து சிலர் வந்து, வாசலில் நின்றபடி ஒரு பாட்டில் தண்ணீர் கேட்டார்கள். நான் எழுந்திருப்பதற்குள் நீங்கள் இருவரும் மாடியிலிருந்து கத்திவிட்டீர்கள்.

"பம்பு கீய கீது அங்கிள்! நீங்களே போய் அடிங்க!"