கிழக்குக் கடலில் ஓர் அஸ்தமனம்

மரக்காணத்துக்குப் பக்கத்தில் உள்ள அந்தக் கடற்கரை விடுதியின் வரவேற்பறையில் ஒரு வரைபடம் மாட்டியிருந்தார்கள். வரிசையாகக் குடில்கள், இடது ஓரத்தில் நீல நிறத்தில் கடல். வரைந்தவர் அழகுக்காகக் கடலை இடப்புறம் வைத்திருந்தார்; திசைக்குறி போடவில்லை. என் அக்காவின் கணவர் அதன் முன்னால் கைகட்டி நின்று ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா பணிக்காலம் முழுவதும் நில அளவைத் துறையில் இருந்தவர். நான் வருவாய்த் துறை. என் மேசைக்கு வந்த அவருடைய புலப்படங்களில் ஒரு பிழைகூடக் கண்டதில்லை. தொல்லையும் அதுதான். ஒலக்கூரில் ஒரு விவசாயி எல்லைக் கல்லின் மேலேயே நின்றுகொண்டு, "இங்கதாங்க கல்லு கீது" என்றால் இவர் குனிந்து பார்க்கமாட்டார். "படத்துல இல்லியே" என்பார். அவர் கணக்குப்படி, திசைக்குறி இல்லாத படத்தில் மேல் விளிம்பு வடக்கு. ஆகவே இடப்புறம் மேற்கு. ஆகவே இந்தக் கடல் மேற்கே இருக்கிறது. திண்டிவனத்தில் பிறந்து வளர்ந்த மனிதர்!

கல்யாணப் படத்துக்குப் பிறகு அவரும் அக்காவும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றுகூடக் கிடையாது. ஓய்வு பெற்றதும் கடலில் சூரியன் இறங்கும்போது ஒன்று எடுத்து மாட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அடுத்த வாரம் அக்காவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. எங்களுக்கு இருந்தது அந்த ஒரு மாலைதான். முதலில் அக்காவைக் கடலோரம் நிறுத்திக் கேமரா வழியே பொருத்தம் பார்ப்பார். பிறகு கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்ப் பக்கத்தில் நிற்பார். அதுதான் ஏற்பாடு.

வானம் மூடியிருந்தது. "மாமா, சூரியன் நம்ம ஊரு பக்கம்தான் இறங்கும்" என்றேன்.

"கம்முனு இரு மச்சான். நீ கையெழுத்துப் போட்டவன், நான் அளந்தவன்."

ஆறு மணிக்கு மேகம் பிளந்தது, அவர் முதுகுக்குப் பின்னால். எதிரே நின்ற அக்காவுக்குக் கண் கூசியது.

"ஏங்க, கொஞ்சம் திரும்பிப் பாருங்க."

"ஆடாத நில்லு! இப்ப வந்துடும்."

"வந்து எம்மா நேரம் ஆவுது! உங்க தலை மேல குந்திக்கினு கீது."

இருட்டும்வரை அழுத்திக்கொண்டே இருந்தார். கேமரா என் கைக்கு வரவே இல்லை. காலையில் உதயத்தையாவது எடுக்கலாம் என்றதற்குப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். ஊர் திரும்பியதும் விடுதி நிர்வாகத்துக்கு, அரசுக் கடிதம்போலப் பொருள், பார்வை எல்லாம் போட்டு, வரைபடத்தில் உள்ளபடி சூரியன் இறங்கவில்லை என்று ஒரு புகார் எழுதித் தரச் சொன்னார். தலையெழுத்து, எழுதிக் கொடுத்தேன். பதில் இல்லை.

அன்று எடுத்ததில் ஒன்றை அக்கா விழுப்புரம் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். கடல் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது. சூரியன் இல்லை, அதன் வெளிச்சம் மொத்தமும் அவள் முகத்தில். சிரிப்பை அடக்க முடியாமல் நிற்கிறாள். கீழே மணலில் மாமாவின் நிழல் நீண்டு போய் அவள் புடவைக் கரையைத் தொடுகிறது. வருகிறவர்கள் "அவர் எங்கே?" என்று கேட்டால் அக்கா நிழலின் மேல் விரல் வைக்கிறாள்.

தப்பான படம், கழற்று என்று மாமா இன்றுவரை சண்டை போடுகிறார். போன வாரம் நான் போனபோது அக்கா வீட்டில் இல்லை. மாமா நாற்காலி மேல் ஏறி நின்று, துண்டால் அந்தக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "தப்பான படம்தான், அதுக்குன்னு தூசியா கெடக்கணுமா?" என்று எரிந்து விழுந்தார்.