சபூரா அக்காவின் கல்யாணப் பக்கம்

சபூரா அக்கா மௌத்தான செய்தியை அவருடைய மகன் அன்வர்தான் உத்தமபாளையத்திலிருந்து தொலைபேசியில் சொன்னார். நான் இன்னாலில்லாஹி ஓதி முடிக்கும்வரை காத்திருந்து, அம்மாவைப் பற்றி ஜமாஅத் வெளியிடும் மலருக்கு நான் எழுதித் தர வேண்டும் என்றார். "அந்தக் கல்யாணப் பக்கத்தப் பத்தி மட்டும் வேணாம் சின்னம்மா. அது முடிஞ்சுபோன கதை."

கம்பத்திலிருந்து உத்தமபாளையத்துக்குப் பஸ் ஏறினேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் பெண்களுக்கென்று ஒரு மாத இதழ் தொடங்கினார் அக்கா. வெளியிடுபவர் என்று கணவர் பெயர் இருக்கும். எழுதுவதும், தேனி அச்சகத்தில் உட்கார்ந்து பிழை திருத்துவதும் அக்காதான். நானும் கூடப் போவேன். தொழுகை, தலாக், ஜீவனாம்சம், பெண்பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றையும் பெண்களுக்கு விளங்கும்படி எழுதினார். ஆனால் ஊர் முதலில் புரட்டியது கடைசிப் பக்கத்தைத்தான். கைக்கூலி என்கிற வரதட்சணை வாங்காமல், மாப்பிள்ளை பெண்ணுக்கு மஹர் கொடுத்து நடந்த கல்யாணங்களுக்கு மட்டுமே அதில் இடம்.

தேவாரத்து ஏலக்காய் வியாபாரி ஒருவர் தன் மகன் கல்யாணத்தைப் போடச் சொல்லி வந்தார். வாசலில் நிற்கும் புதுக் கார் எப்படி வந்தது என்று அக்கா கேட்டார். பெண் வீட்டார் பிரியப்பட்டுக் கொடுத்தது என்றார் அவர்.

"சரி, நீங்க பிரியப்பட்டு அவுகளுக்கு என்ன கொடுத்தீக?"

அவர் எழுந்துகொண்டார். "ஒங்க வீட்லயும் ஒரு பய இருக்கான்ல. அன்னைக்குப் பாக்குறேன்" என்றார்.

அந்த நாளும் வந்தது. கணவரும் அவருடைய தம்பிகளும் அன்வருக்குப் பெண் பேசி, நகையும் கடை வைக்கப் பணமும் முடிவான பிறகே அக்காவுக்குத் தெரிந்தது. சண்டை போட்டார், சாப்பிடாமல் கிடந்தார். ஊருக்கு எழுதுவதை வீட்டுக்குள் கொண்டு வராதே என்றார் கணவர். மகன் வாயே திறக்கவில்லை. நிக்காஹ் நடந்தது.

அந்த மாத இதழின் கடைசிப் பக்கத்தில் இவ்வளவுதான் இருந்தது: "என் மகனுக்கும் திருமணம் நடந்தது. கைக்கூலி வாங்கப்பட்டது. இங்கே இடமில்லை."

அதுவே கடைசி இதழ். கணவர் மறுபடி வெளியிடுபவராகக் கையெழுத்துப் போடவில்லை. இனி நிம்மதி என்று ஜமாஅத்தில் பேசிக்கொண்டார்கள். ஆனால் ஊரின் கேலியைச் சுமந்தவள் புதுப்பெண் பர்வீன். இடமில்லாதவள் என்று அவளைச் சொல்லிச் சிரித்தார்கள். அவள் மாமியாரோடு பேசுவதை விட்டாள்.

"ஆம்பளைக மேல வீசுனேன். அந்தப் புள்ள மேல விழுந்துருச்சு" என்று அக்கா ஒருமுறை சொன்னார். அதன்பிறகு அவர் எதுவும் எழுதவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது, சமுதாயப் பெண்களின் விடிவெள்ளி மறைந்துவிட்டதாகப் பள்ளிவாசல் மைக்கில் அறிவித்துக்கொண்டிருந்தார்கள்.

அக்காவின் மையத்தைக் குளிப்பாட்ட, யாரும் கூப்பிடாமலே பர்வீன் வந்து நின்றாள். அவள் தண்ணீர் ஊற்ற, நான் அக்காவின் தலைமுடியைப் பிரித்துக் கழுவினேன். அன்வர் கேட்டுக்கொண்டதை அவளிடம் சொன்னேன். கபன் துணியை விரித்து முடித்துவிட்டு அவள் சொன்னாள்:

"எழுதுங்க சின்னம்மா. கோம்பையில என்னப் பெத்த அத்தா தோப்ப வித்துத்தேன் அந்தக் கைக்கூலியக் கொடுத்தாக. அதையும் சேத்து எழுதுங்க. மாமி அத விட்டுட்டாக."

அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு மலருக்கு என்னிடமிருந்து எதுவும் வராது என்று அன்வரிடம் சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டியதை இங்கே எழுதிவிட்டேன்.

அக்காவை வைத்த சந்தூக் வெளியே போனது. பெண்கள் நாங்கள் வாசலோடு நின்றுகொண்டோம். அக்காவின் பேனாவை நிறுத்தியவர்களே முண்டியடித்து, தோள் மாற்றி, அவரைச் சுமந்து போனார்கள்.

போய் வாருங்கள் அக்கா. உங்கள் கப்ருக் குழியை அல்லாஹ் விசாலமாக்குவானாக. இங்கே உங்களுக்குக் கிடைத்த இடம் போதவே இல்லை.