ஆறாவது சொல்

வாப்பாவைப் பாரிசவாதம் தாக்கி, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தபோது அவருக்குப் பேச்சு இல்லை. வலது பக்கம் முழுவதும் விழுந்திருந்தது. இடது பக்கமும் தளர்ந்து, அந்தக் கையில் ஒரு விரல் மட்டும் கொஞ்சம் அசைந்தது. நிந்தவூரில் ஹார்ட்வெயார் கடை வைத்து, நாள் முழுக்க வாய் ஓயாமல் கதைத்த மனிதர். நாங்கள் சொல்வது அவருக்கு விளங்குகிறதா என்றுகூடத் தெரியவில்லை.

நான் வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதுகிறவள். நாலைந்து நாளில், பழைய டெப்லெட் ஒன்றில் சின்னதாக ஒரு புரோகிராம் செய்தேன். என் குரலில் ஆறு சொற்கள்: தண்ணி, சோறு, வலி, பாத்ரூம், தொழுகை, ஃபேன். டெப் அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்து, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். வேண்டியது வரும்போது வாப்பா திரையைத் தொட்டால் போதும். ஃபேனைச் சேர்க்கச் சொன்னது உம்மா.

டெப்பை அவர் விரலருகே வைத்தேன். "தொழுகை" வரை சொல்லிவிட்டு நின்றுவிட்டது. திரும்பத் தொடக்கினேன். அதே இடத்தில் நின்றது. வாப்பாவின் விரலும் அசையவில்லை.

"அவருக்கு ஒண்டும் விளங்கல்ல போல, புள்ள" என்று உம்மா கண்ணைத் துடைத்தார்.

குசினி மேசையில் உட்கார்ந்து பார்த்தேன். வேலையில் நான் பழகிய மொழி வரிசையைப் பூச்சியத்திலிருந்து எண்ணும். இந்தப் புரோகிராமை எழுதிய மொழி ஒன்றிலிருந்து எண்ணுவது. பழைய பழக்கத்தில், அடுத்த சொல்லுக்குப் போக, நிற்கிற இடத்தின் எண்ணோடு ஒன்றைக் கூட்டி ஆறால் வகுத்து மீதியை எடுக்கும்படி எழுதியிருந்தேன். ஐந்தில் நின்றால் ஐந்தும் ஒன்றும் ஆறு, மீதி பூச்சியம். அந்த இடத்தில் சொல்லே இல்லை. ஆறாவது சொல் வாப்பாவின் காதில் விழவே இல்லை!

முதலில் வகுத்து, மீதியோடு ஒன்றைக் கூட்டும்படி மாற்றினேன். ஐந்துக்குப் பின் ஆறு வந்தது, ஆறுக்குப் பின் ஒன்று.

மீண்டும் வாப்பாவிடம் வைத்தேன். "ஃபேன்" என்றதும் விரல் நடுங்கியது. எழும்புவதற்குள் "தண்ணி" வந்துவிட்டது. அடுத்த சுற்றில் "தொழுகை" என்னும்போதே விரல் திரைக்கு மேலே காத்து நின்றது. "ஃபேன்." தொட்டார்.

"ஃபேன் ஓடிட்டுத்தானே இரிக்கி?" என்றார் உம்மா. ஏதோ தோன்றி வாப்பாவின் காலைத் தொட்டுப் பார்த்தார். "யா அல்லாஹ், கால் ஐஸ் மாதிரி இரிக்கே! இவ்வளவு நாளும் குளிர்லயா கிடந்தீங்க?"

ஓடிப்போய் ஃபேனை நிறுத்தினார். வாப்பா நீளமாக ஒரு மூச்சு விட்டார். அவருக்கு எல்லாம் விளங்குகிறது. நானும் உம்மாவும் ஒருவரையொருவர் பார்த்து, அழுகையும் சிரிப்புமாக நின்றோம்.

டெப் சுற்றிக்கொண்டே இருந்தது. அடுத்ததாக "சோறு" கேட்டார். உம்மா கஞ்சி கரைத்துக் கரண்டியால் ஊட்டினார். அன்று மத்தியானம், பல நாளுக்குப் பிறகு, நானும் வயிறாரச் சாப்பிட்டுப் படுத்தேன். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்ன பிறகுதான் எழும்பினேன்.