தாமதத்துக்கு ஒரு பொட்டலம் சாத்தே

ஆறு மணிக்கு மேல் பிள்ளையை எடுக்க வந்தால் கூடுதல் கட்டணம். இன்று அதைச் சொல்லியே தீருவது என்று, எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டு ஜன்னலுக்கும் வாசல் கேட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

வெள்ளிக்கிழமை. கோயிலுக்குக் கட்டிய சேலை கசங்கிப்போனது. நான் பார்த்துக்கொள்ளும் குட்டி என் தோளிலேயே தூங்கிவிட்டாள். வீட்டு போனும் அடிக்கவில்லை.

ஏழரைக்கு அவள் அம்மா ஓடி வந்தாள்.

"சாரிக்கா! வேலை அஞ்சுக்கே முடிஞ்சிருச்சு. உங்களுக்காகத்தான் காஜாங்ல சாத்தே வாங்க நின்னேன். கியூ ரொம்ப நீளம் லா!"

குச்சியில் குத்திச் சுட்ட கோழி இறைச்சி, சாத்தே. வீடே மணந்தது.

"இன்னிக்கு நான் சைவம்மா" என்றேன். வாயில் வந்தது அது மட்டும்தான்.

"ஐயையோ! அடுத்த வெள்ளி தோசை வாங்கிட்டு வரேன்க்கா."

பிள்ளை பார்க்கும் அக்காமாரே, கூடுதல் கட்டணத்தை நீங்கள் எப்படிக் கேட்கிறீர்கள்? வியாழனுக்குள் சொல்லுங்கள்.