செருப்பு வரிசையிலிருந்து பாய் வரைக்கும்

சர்ச்சுத் தரையைக் கூட்டித் துடைக்கறவ முதல் ஆளா உள்ள போவா, கடைசி ஆளா வெளிய வருவா. நடுவுல உட்கார்றதுக்குத்தான் எனக்குக் கொடுத்து வைக்கல. பாதி ஆராதனையில குழந்தையைத் தூக்கிக்கினு வெளிய ஓடின அம்மாங்களே, உங்களுக்கு நான் சொல்லணுமா?

கும்மிடிப்பூண்டி கம்பெனி ரோட்டோரம் தகரக் கூரை போட்ட சபை எங்களுது. என் பொண்ணு ஷைனிக்கு ஆறு வயசு. சத்தம், வாசனை, தொடறது எல்லாம் நமக்குப் படறதைவிட அவளுக்குப் பல மடங்கு படும்னு பொன்னேரியில டாக்டரம்மா சொன்னாங்க.

செருப்புக் காவல்

ஸ்பீக்கர் போட்டதும் ஷைனி காதைப் பொத்திக்கினு வாசலுக்கு ஓடிடுவா. பின்னாலயே நான். ஒரு வருஷம் செருப்புங்களுக்கு நடுவுல உட்கார்ந்துதான் ஜெபம் பண்ணேன். ஒரு நாளாவது அவளோட உள்ள பாய்ல உட்காரணும்னு ஆசை. வாயைத் திறந்து கேட்கக் கூச்சம். பூ ஜோடிக்கிற எஸ்தர் அக்கா தாண்டிப் போகும்போது கேட்டாங்க: "இன்னாடி, எந்தச் செருப்பு யாருதுன்னு மனப்பாடம் ஆயிடுச்சா?"

காது மூடி

இரும்புத் தகடு வெட்டற கம்பெனியில வேலை செய்யற ஆபிரகாம் அண்ணன், மிஷின் சத்தத்துக்குப் போடற தன்னோட பழைய காது மூடியைக் கொண்டாந்து கொடுத்தார். பெருசா இருந்தது. துணி வச்சுத் தைச்சேன். ஷைனி என்னைத் தொட விடல, தானே மாட்டிக்கினா.

அடுத்த ஞாயிறு பார்த்தா, ஷிப்டு முடிச்சு நேரா வந்த கம்பெனி அண்ணன்மார் மூணு பேர் பின் வரிசையில ஆளுக்கொரு காது மூடி மாட்டிக்கினு உட்கார்ந்திருக்காங்க! பாஸ்டர் ஐயா பிரசங்கத்தை நிறுத்திட்டு மைக் செட்காரரைப் பார்த்தார்: "சவுண்டைக் குறைப்பா. விட்டா அடுத்த வாரம் ஹெல்மெட்டோட வருவாங்க."

யார் குத்தம்?

சத்தம் குறைஞ்சும் ஷைனி வாசப்படி தாண்டல. மல்லிப்பூ வாசனையா, பக்கத்துல உட்கார்றவங்க பவுடரான்னு எஸ்தர் அக்காகிட்ட மட்டும் புலம்பினேன். ஷைனி மூக்கைப் பிடிச்சுக்கினு விரலை நீட்டினா. நான் தரை துடைக்கற பக்கெட்டைப் பார்த்து! ரெண்டு மூடி ஊத்த வேண்டிய பினாயிலை அஞ்சு மூடி ஊத்தி, சுத்தக்காரின்னு பேர் வாங்கினவ நான். அக்கா விழுந்து விழுந்து சிரிச்சாங்க: "ஊரையே குத்தம் சொன்ன, பேஜாரு உன் பக்கெட்லயா இருந்துது!"

பிறந்தநாள்

வெறும் தண்ணியில துடைச்ச வாரம் ஷைனி உள்ள வந்து கதவோரப் பாய்ல உட்கார்ந்தா. அடுத்த ஞாயிறு அவ பிறந்தநாள். பிறந்தநாள் பிள்ளையை முன்னால நிக்க வச்சு, தலையில கை வச்சு ஜெபிக்கறது எங்க சபை வழக்கம். எங்க ஊட்ல தலை வாரறதே தினம் ஒரு சண்டை. அந்தக் கை தலையில பட்டா இவ ஓடுவா, அப்புறம் உள்ள வரவே மாட்டா.

ஷைனியை முன்னால நிக்க வச்சாங்க, ஐயா கை அவ தலைகிட்ட வந்துடுச்சு. "தொடாதீங்க ஐயா!"ன்னு கத்தினது நான்தான். எஸ்தர் அக்காவைத் தவிர சபையில யாரும் அதுவரைக்கும் என் குரலைக் கேட்டதில்ல. ஐயா கையை எடுத்துட்டு, மெதுவா அவ முன்னால முட்டி போட்டார். ஷைனி அவரை உத்துப் பார்த்தா. அப்புறம் தன் கையைத் தூக்கி அவரோட வழுக்கைத் தலையில வச்சா. ஐயா கண்ணை மூடிக்கினே சொன்னார்: "பிறந்தநாள் உனக்கு, ஆசீர்வாதம் எனக்கா? நல்லா வைம்மா, எடுத்துடாதே."

இப்போ ஆராதனை முடிஞ்சு எல்லாரும் கிளம்பினாலும் ஷைனி பாயை விட்டு எழுந்திருக்கறதில்ல, நான்தான் துடைப்பத்தோட அவளைச் சுத்திச் சுத்திக் கூட்டிக்கினு இருக்கேன்.